பெட்டிக்குள் நின்ற சாயங்காலம்

திரையின் மூலையில் ஓடிய தேதி தப்பாக இருந்ததில் கேமராக்காரனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கேமராக்கள் பார்ப்பதைப் பதிவு செய்கிற அந்த ரெக்கார்டர் பழசு. அதன் வயிற்றுக்குள் சட்டைப் பட்டன் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அது செத்துவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி தான் பிறந்த வருஷத்துக்கே ஓடிப்போய், ஜனவரி ஒன்று என்று காட்டிக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். பழைய பெட்டிகள் எல்லாமே செய்கிற தப்பு அது.

இந்தப் பெட்டி வேறு தப்பைச் செய்திருந்தது.

அது காட்டியது போன வருஷத்து மழைக்காலத்தில் ஒரு தேதி. நேரம், விளக்கு வைக்கிற நேரம். பக்கத்தில் விநாடிகள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தேதியை அவனால் மறக்க முடியாது. அன்றைக்குத்தான் அக்கா புருஷன், அவனுடைய அத்தான், பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தெருமுனையில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தக் குட்டி அறையில் புழுங்கியது. புது ஹார்ட் டிஸ்க்கின் பிளாஸ்டிக் வாசனை, சூடேறிய தூசு வாசனை, படிக்குக் கீழே எப்போதும் அடைந்து கிடக்கும் பழைய துணி வாசனை. அவன் எட்டிப் பார்த்தான். ஹாலில் அக்கா சூட்கேஸின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தேதியைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

அந்த சூட்கேஸ் ஜிப்பைப் பிடிக்கிற அளவுக்கு அவளைக் கொண்டுவர அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அத்தான் போன பிறகு அவள் இந்த வீட்டுக்குள்ளேயே சுருண்டுவிட்டாள். சோபாவை யாருக்கோ கொடுத்தாள், டிவியைக் கொடுத்தாள், கட்டிலைக் கூடக் கொடுத்தாள். ஆனால் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பாள், அடுப்பைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அவன் மனைவி பின் அறையை ஒழித்து, புது மெத்தை போட்டு, வாரா வாரம் போன் செய்து, வர்றீங்களா இல்லையா அண்ணி என்று சண்டைகூடப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே பதில்தான். அந்தப் பெட்டியை விட்டுட்டு எப்படி வர்றது?

பெட்டிக்குள் அத்தான் இருந்தார். கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய அத்தான். பைக்கை உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி, திரும்பிக் கேட்டைச் சாத்திவிட்டுப் போகிற அத்தான். உள்ளே இருந்த டிஸ்க் சின்னது, அதுவும் நிரம்பி வழிந்தது. கேமரா ஓடினால் பழசைத் தின்றுதான் புதுசை எழுதும். அவள் பெட்டியை ஓடவிடவே இல்லை. அன்றைக்கு அந்த லாரி முதலில் அத்தானை இடித்து, அதே வேகத்தில் கரண்ட் கம்பத்தில் மோதி, தெரு முழுக்க இருட்டானபோதே பெட்டியும் நின்றிருந்தது. மறுபடி கரண்ட் வருவதற்குள் அக்கா இருட்டில் தடவித் தடவி வந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். புருஷன் செத்த செய்தி வந்த கையோடு அதைச் செய்திருக்கிறாள். 

அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டான். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் பொட்டு பொடி விடாமல் பெரிய டிஸ்க்குக்குப் படி எடுத்துத் தருகிறேன். பழசு அழியாது, புதுசுக்கும் இடம் இருக்கும். பூட்டிய வீட்டைக் கேமராவும் பார்த்துக்கொள்ளும். நீ என்னோடு வந்துவிட வேண்டும். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

பழைய டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போய், அந்தப் பெட்டியின் வயசுக்குத் தாங்கக்கூடிய பெரிய டிஸ்க்காகத் தேடி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படி எடுத்தான். பழசு கிழவனைப் போல இருமி இருமித்தான் கொடுத்தது. ஆனாலும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. இப்போது புதுசைப் பெட்டிக்குள் வைத்து, கேபிள் செருகி, அடியில் திருகு முடுக்கி, ஆன் செய்தாகிவிட்டது. பெட்டி ஒரு பீப் கொடுத்து எழுந்தது. எழுந்த உடனே இந்தத் தேதி.

நேரத்தைச் சரி செய்வது எப்போதுமே அவனுக்குக் கடைசி வேலை. எல்லாம் முடிவதற்குள் பெட்டியைப் பலமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் மணி மாறும், எதற்குத் திரும்பத் திரும்ப மாரடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அதனால் மறந்துபோன வீடுகளும் உண்டு. அவன் கேமரா போட்ட ஒரு செருப்புக் கடையில் திருட்டு நடந்து, படத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், திருடன் உங்க கடை கட்டறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கானேய்யா என்று கேட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் அவனை ஓட்டாத ஆளில்லை. இருந்தும் பழக்கம் மாறவில்லை. புது பட்டன் பேட்டரி பையில்தான் இருந்தது. கடைசியில் மாட்டிக்கொள்ளலாம்.

“ஆச்சா?” என்று அக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “ஒரு தடவை அவரப் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்.”

அவன் போட்டுக் காட்டினான். சாம்பல் வெளிச்சத்தில் அத்தான் படியிறங்கினார். பைக்கை உருட்டினார். கேட்டைத் தாண்டினார், திரும்பிச் சாத்தினார். அதன் பிறகு வெறும் கேட், வெறும் மழை, கொஞ்ச நேரம் கழித்து இருட்டு. அவ்வளவுதான். அக்கா அழவில்லை. ஒரு சின்ன மூச்சு விட்டாள். அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, படத்தை நிறுத்தி, கேமராக்கள் இப்போது பார்ப்பதைத் திரைக்குக் கொண்டுவந்தான். நான்கு கட்டங்கள். கேட், வாசல், ஹால், பின்கட்டு.

கேட்டில் மழை பெய்துகொண்டிருந்தது.

ஒயர் இற்றுப்போனால் படத்தில் இப்படிப் புள்ளி புள்ளியாகக் கொட்டும் என்று முதலில் நினைத்தான். ஆனால் புள்ளி தரையில் பட்டுத் தெறிக்காது. புள்ளி ஓரமாகச் சேர்ந்து ஓடாது. அவன் எழுந்து ஹால் ஜன்னலைத் திறந்து பார்த்தான். வெளியே மங்கிய மஞ்சள் வெளிச்சம், சூடு ஆறாத தார் ரோடு, அவனுடைய வேன், வேன் கூரைமேல் அப்படியே படிந்திருந்த தூசு. நாய் ஒன்று காய்ந்த மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. பல வாரங்களாக ஒரு சொட்டு விழவில்லை.

திரும்பி வந்தால் திரையில் வேன் இல்லை. ஹால் கட்டத்தில் சோபா இருந்தது.

பழைய படம்தான் இன்னும் ஓடுகிறது, நான்தான் சரியாக நிறுத்தவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மௌஸைத் தட்டினான். மேலே சிவப்புப் புள்ளி சிமிட்டியது. பதிவாகிறது என்று அர்த்தம். பழைய படம் ஓடும்போது அந்தப் புள்ளி வராது. சந்தேகம் தீர ஹாலுக்குப் போய்க் கேமராவுக்கு நேரே நின்று கையை ஆட்டினான். மொட்டைத் தரை. சுவரோரம் சூட்கேஸ். வேறு ஒன்றும் இல்லை. அவன் செருப்புச் சத்தமே அவனுக்கு எதிரொலித்தது.

“நான் தெரியறேனா அக்கா?”

“தெரியறியே,” என்றாள் உள்ளேயிருந்து, சாதாரணமாக. “சோபாவுக்குப் பின்னாடி நிக்கற.”

அவன் மெல்ல, மிக மெல்ல, அந்த இடத்தைவிட்டு விலகினான். இடுப்பில் எதுவும் படவில்லை. எதுவும் படாததுதான் பயமாக இருந்தது.

இந்தத் தொழிலில் பைத்தியக்காரத்தனமான கோளாறுகள் எத்தனையோ பார்த்தவன் அவன். அடுத்த வீட்டுப் படம் இந்த வீட்டுத் திரையில் வரும். பல்லி லென்சில் முட்டையிட்டு வீட்டுக்காரரை அலற வைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணத்தைப் பிடித்தால் கோளாறு போய்விடும். இதற்கும் காரணம் ஒன்று தோன்றியது. பிடிக்க வேண்டாம் என்றிருந்தது. ஒரு பிசிறு இல்லாமல் படி எடுத்த டிஸ்க். அதற்குத் தெரிந்த கடைசி நிமிஷம் அந்தச் சாயங்காலம். விட்ட இடத்திலிருந்து அது எழுதத் தொடங்கியிருக்கிறது. நடுவில் ஒரு வருஷம் போனது அதற்குத் தெரியாது, அவன் சொல்லவில்லை, நேரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். பெட்டியைப் பொறுத்தவரை அத்தான் வெளியே போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை.

உட்கார்ந்து நேரம் வைக்கும் பக்கத்தைத் திறந்தான். வருஷத்தை மாற்றினான், மாதத்தை மாற்றினான், சரி என்று அழுத்தினான். பெட்டி ஒரு பீப் கொடுத்தது. தேதி ஒரு கணம் இன்றைக்கு வந்தது. பிறகு, வேண்டாத சோற்றைக் குழந்தை துப்புவதுபோல, அதைத் துப்பிவிட்டு மறுபடி அந்தச் சாயங்காலத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி வைத்தான். மறுபடி துப்பியது. பேட்டரியை மாற்றிவிட்டு வைக்கலாம் என்று பைக்குள் கையை விட்டபோது அக்காவின் கை வந்து மௌஸை மூடியது.

அவன் கிளம்பலாம் என்றான். வேனில் ஏசி போட்டு வைக்கிறேன், நீ வந்து உட்கார், பெட்டியை நாளைக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். உன் நாத்தனார் வருகிறாள் என்று என் பெண்டாட்டி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று எதையோ மாற்றி உளறினான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண்கள் கேட் கட்டத்தில் இருந்தன. ஸ்டூலின் நுனியில், போட்டித் தேர்வு எழுத வந்த பெண்ணைப்போல முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாக அவள் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அப்போது வந்திருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

“அங்க பாரு,” என்றாள்.

கேட்டுக்கு வெளியே, தெருவிளக்கின் வட்டம் முடிகிற இடத்தில், ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். மழைக்கோட்டு. தலையில் ஹெல்மெட். பைக் இல்லை. நடை மட்டும் சரியாக இல்லை. இரண்டு அடி வைத்து நின்று, அடுத்த கால் எது என்று யோசிப்பதுபோல் நின்று, மறுபடி இரண்டு அடி. ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கழுத்தைச் சாய்த்தால் தலை சாய்கிற மாதிரி இல்லை. அலமாரித் தட்டில் வைத்த பாத்திரம் சாய்கிற மாதிரி.

அப்போதுதான் அவன் காதில் அது விழுந்தது. கூரைமேல் சடசடவென்று. ஜன்னல் தகரத்தில் சடசடவென்று. அவன் திறந்து வைத்துவிட்டு வந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று ஹாலைக் கடந்து வந்து கால் விரல்களைத் தொட்டது.

மழை.

கேட் கட்டத்தில் அந்த உருவம் நின்றது. கேட்டின் மேல் கையை வைத்தது. வெளியே, நிஜமாக, மிகப் பக்கத்தில், கேட் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பெட்டியின் விசிறி இரைச்சல் தேய்ந்து நின்றது. திரை கருத்தது. மழை நிற்கவில்லை. வாசல் படியில் ஈரச் செருப்பின் சளக். நின்றது. சளக். பெட்டியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று நம்பியிருந்தான். அணைத்ததில் ஒன்றுதான் நடந்தது. பெட்டியின் மணி அந்தச் சாயங்காலத்திலேயே நின்றுவிட்டது. இனி அது நகராது.

அக்கா எழுந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். பலமாகத்தான் பிடித்தான்.

“அது அத்தான் இல்லக்கா.”

“அவர்தான். நனைஞ்சுட்டு நிக்கறார். விடு.”

“அத்தான் செத்துட்டார். நான் பார்த்தேன்.”

“நீ பார்த்த,” என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். “ஆஸ்பத்திரில நீ மட்டும்தானே உள்ள போன. என்ன விடலயே. மூடியே கொண்டுவந்தீங்க, மூடியே கொண்டுபோனீங்க. நான் எதையும் பார்க்கலடா. எனக்கு அவர் வெளிய போயிருக்கார், அவ்வளவுதான்.”

அவன் கை தானாகத் தளர்ந்தது. அவளை உள்ளே விடாதது அவன்தான். பார்க்க வேண்டாம், அவர் முகம் உன் மனசில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று கதவை மறித்துக்கொண்டு நின்றது அவன்தான். நல்லதுக்குத்தான் செய்தான். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஹாலுக்குப் போனாள். வாசல் தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. ஈர மழைக்கோட்டின் ரப்பர் வாசனை வீட்டை நிறைத்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை. இரும்பு. பெட்ரோல். அந்த ஆஸ்பத்திரி அறை.

ஓட வேண்டும். ஓடினால் அந்த ஹால் வழியாகத்தான் ஓட வேண்டும். அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கருத்த திரைக்கு முன்னால் குனிந்தபடியே நின்றான்.

திரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் அவன் முகம். அவன் தோளுக்குப் பின்னால் திறந்திருந்த கதவு. கதவுக்குப் பின்னால் ஹால்.

ஹாலில் சோபா இருந்தது.

சோபாவில் அது உட்கார்ந்திருந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஸ்பிரிங் முனகும் சத்தம் கேட்டது. அக்கா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, இவ்வளவு நேரமா, ஒரு போன் பண்ணக்கூடாதா, சாப்பிட என்ன செய்யட்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. அவள் விடாமல் கேட்டாள். கல்யாணமான புதுசில் அவளுக்கிருந்த குரல் அது.

பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இங்க வாயேன். இவருக்கு ஹெல்மெட் கழல மாட்டேங்குது. நீ ஒரு பக்கம் பிடி.”

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் அது கழலவில்லை. பிணவறை ஆள் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தான். எடுத்தபோது ஹெல்மெட் மட்டும் தனியாக வரவில்லை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

“வேண்டாம்க்கா,” என்றான். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“சரி இரு. வந்துடுச்சு. வருது.”

கருத்த திரையில் அக்காவின் இரண்டு கைகளும் மேலே உயர்ந்தன. ஏதோ ஒட்டியது பிரிகிற சத்தம். மெல்ல. நீளமாக. அவள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்தாள். கனமாக வைத்தாள். உள்ளே எதையோ வைத்திருக்கும் பாத்திரத்தை, சிந்தாமல் வைப்பதுபோல.

அவள் அலறுவாள் என்று காத்திருந்தான். அலறிவிடு அக்கா. அலறிவிடு.

அவள் சிரித்தாள்.

சோபாவின் கைப்பிடியில் கிடந்த துண்டை எடுத்தாள். நல்லா நனைஞ்சிட்டீங்க என்று சொல்லிக்கொண்டே கோட்டுக் காலரிலிருந்து மேல்நோக்கித் துடைக்கத் தொடங்கினாள். மோவாய் இருக்க வேண்டிய இடம். கன்னம் இருக்க வேண்டிய இடம். பார்த்துப் பார்த்து, மெதுவாக, பிரியமாக. துண்டைச் சுற்றிய அவள் விரல்கள், ஒரு முகத்தில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அதைத் தாண்டி உள்ளே போயின. மணிக்கட்டு வரை. துடைத்துவிட்டு வெளியே வந்தன. மறுபடி போயின.

அது அசையாமல் உட்கார்ந்து துடைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு, இரண்டு காலடிகளுக்கு நடுவே நின்று நின்று யோசித்ததைப் போலவே, காலருக்கு மேலே எஞ்சியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கருத்த திரைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தது.